ஜூனில் பதினெட்டு பேர்

குருவிநத்தம்,
14.7.2024

அன்புத் தங்கை செல்விக்கு,

அண்ணன் சாமிநாதன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணி காசம்மாளும் நல்லபடியாக இருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வலி மட்டும் போனபாடில்லை. நீ ஏனாமுக்கு மாற்றலாகிப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா, தெலுங்கு நாக்கில் ஏறியதா? போன ஞாயிறு வில்லியனூர் போய் மாப்பிள்ளையையும் பிரியதர்ஷினியையும் பார்த்தேன். மூன்று வேளையும் தோசைதான் என்று உன் மகள் முறையிட்டாள். மற்றபடி குறையில்லை.

இதென்ன இந்தக் காலத்தில் கடிதம் என்று சிரிப்பாய். ஆற்றங்கரை ஊருக்கு டவர் எங்கே ஒழுங்காகக் கிடைக்கிறது? நீ பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாட்ஸ்ஆப்பில் ஒவ்வோர் எழுத்தாகக் குத்த எனக்குப் பொறுமையும் இல்லை.

பள்ளியில் இந்த வருடம் புது ஏற்பாடு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஜூனில் தலைமையாசிரியரான என் முன்னால் ஒரு நிமிடம் சத்தமாகப் படிக்க வேண்டும். எத்தனை சொல் பிழையில்லாமல் வந்தது என்று நான் குறிக்க வேண்டும். அறுபது சொல் வந்தால் தேறியதாகக் கணக்கு. மார்ச்சில் வெளியாட்கள் வந்து அதே பிள்ளைகளைப் படிக்கச் சொல்வார்கள். ஜூனுக்கும் மார்ச்சுக்கும் நடுவில் தேறியவர்கள் எத்தனை பேர் கூடினார்கள் என்பதுதான் பள்ளிக்கு மதிப்பெண். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சம்பளம் வாங்குகிற எங்களை யாராவது கேட்கத்தானே வேண்டும்?

நம் மேட்டுத்தெருப் பள்ளியில் இருபத்தொரு பிள்ளைகளுக்குப் பதினெட்டு பேர் தேறிவிட்டார்கள். நான் எதிர்பார்க்கவே இல்லை. வகுப்பாசிரியை முஸ்கான், பாகூர் கடைத்தெரு ஷேக் ஃபரீதின் மகள். ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். மார்ச்சில் வகுப்பு கீழே இறங்கினால் புதுப்பிக்க மாட்டார்களாம். இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளுக்கு என்ன பயம்? ஆனாலும் அவள் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். அதிகம் பேசாத பெண்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
சாமிநாதன்


ஏனாம்,
5.8.2024

பாசமுள்ள அண்ணனுக்கு,

செல்வி வணக்கத்தோடு எழுதுவது. உன் கடிதம் எட்டு நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தது. நான் வந்த பஸ்ஸே பரவாயில்லை. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உடம்பு நன்றாகவே இருக்கிறது. காய்க்காரியிடம் தெலுங்கில் பேரம் பேசுகிறேன். அவள் தமிழில் பதில் சொல்கிறாள். அண்ணியின் முழங்காலுக்கு வெறும் தைலம் போதாது, டாக்டரிடம் காட்டு.

ஒரு வேடிக்கை கேள். பாகூர் ஆள் பாகூர் மார்க்கைத் தொட்டால் கூட்டிப் போட்டுவிடுவானாம். அதற்காக உங்கள் பக்கத்துத் தாள்களை எல்லாம் ஏனாமில் எங்கள் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை எனக்கு. நான் குருவிநத்தத்துப் பெண் என்பது அனுப்பிய புண்ணியவான்களுக்குத் தெரியாது. தாளில் பள்ளியின் பெயர் இல்லை, எண் மட்டும்தான். நான் ஐந்து வருடம் படித்த பள்ளியின் எண் எனக்கு மறக்குமா?

மார்க் பிரமாதம். பதினெட்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அறுபத்தைந்து சொல், அறுபத்தாறு சொல். மற்ற பள்ளிகளில் ஒன்று எழுபது, ஒன்று ஏழு என்று மேடும் பள்ளமுமாக இருக்கிறது. நன்றாகக் கவனித்துத்தானே போட்டாய்? கேட்டு வைத்தேன், அவ்வளவுதான்.

ஜூனில் குறைந்த பள்ளிகளுக்கு வாசிப்பு சொல்லித்தரத் தனியாக ஒரு ஆசிரியர் வருவாராம். உங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
செல்வகுமாரி


குருவிநத்தம்,
30.8.2024

செல்விக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலத்துக்கு எழுது.

முப்பத்தொரு வருடம் சாக்பீஸ் பிடித்தவனை நன்றாகக் கவனித்தாயா என்று கேட்டுவிட்டாய். கேள், அதுவும் உன் வேலைதான். பிள்ளை என் மேசையருகே நிற்கும். புத்தகம் விரித்திருக்கும். அது விரலை வைத்து வரி வரியாக நகர்த்தும். நான் அந்த விரலையும் வாயையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். விரல் நின்றால் தெரியவில்லை, ஓடினால் படிக்கிறது. இதில் தப்பு எங்கிருந்து வரும்?

தனி ஆசிரியர் பக்கத்துப் பள்ளிகளுக்கு வந்துவிட்டார். அவர் இல்லாமலே முஸ்கான் சாயங்காலம் ஐந்து மணி வரை பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லித்தருகிறாள். எதற்கும்மா, அதுதான் தேறிவிட்டார்களே என்றேன். பதிலுக்கு ஏதோ சொன்னாள், நானும் தலையாட்டி வைத்தேன். அவரவர் திருப்தி.

கரும்பு இந்த வருடம் சுமார்தான்.

சாமிநாதன்


ஏனாம்,
12.12.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் இருவரும் பத்திரமாக இருப்பது தெரிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஆகஸ்டில் நீ கோபித்துக்கொண்டாய், நானும் வீறாப்பாக மூன்று மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். தென்பெண்ணையில் தண்ணீர் வந்ததை டிவியில் பார்த்த அன்று அந்த வீறாப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. பதினான்கு முறை உனக்குப் போன் போட்டேன். கடைசியில் அண்ணிதான் எடுத்தாள். "உங்க அண்ணன் பக்கத்துலதான் குந்திகினு இருக்காரு, போன் அடிக்கிறது தெரியல" என்றாள். வெள்ளத்தின் கலவரத்தில் இருந்திருப்பாய்.

வீடு எப்படி இருக்கிறது, பள்ளி எப்படி இருக்கிறது, விவரமாக எழுது. பொங்கலுக்கு லீவு சொல்லிவிட்டேன். நாலு நாள் அங்கேதான்.

செல்வி


குருவிநத்தம்,
24.12.2024

செல்லத் தங்கை செல்விக்கு,

உயிருக்கு ஒன்றும் இல்லை, அதுவே பெரிது. வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்து இரண்டு நாளில் வடிந்தது. நெல் போயிற்று. பள்ளியில் ஜன்னல் வரை தண்ணீர். புத்தகம், வாசிப்பு அட்டை எல்லாம் கூழாகிவிட்டது.

மூன்றாம் நாள் பாதை திறந்ததும் முதலில் வந்து நின்றது முஸ்கான். யாருடைய டிராக்டரிலோ ஏறி வந்திருக்கிறாள். சேற்றைத் தள்ளிவிட்டுக் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தாள். அவள் அப்பா கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து, வெட்டி, மார்க்கரில் பாடத்தை எழுதி, அதை வைத்துப் படிக்கச் சொன்னாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த யோசனை வந்திருக்காது.

போன் விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. பொங்கலுக்கு வா. கோபம் எல்லாம் ஆற்றோடு போகட்டும்.

அண்ணன்


ஏனாம்,
27.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அண்ணி கொடுத்த அதிரசம் விஜயவாடா தாண்டுவதற்குள் தீர்ந்தது.

நாலு நாளும் சொல்ல நினைத்துச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன். போகியன்று குக்கர் ஏழு விசில் அடித்தது, நீ பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தாய். பிரியா பின்னாலிருந்து மாமா மாமா என்று கத்தினாள், நீ திரும்பவில்லை. நான் பேசினால் என் வாயையே பார்த்தாய். நான் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது நீ பேச்சை மாற்றினாய். அண்ணா, உனக்குக் காது கேட்கவில்லை. எப்போதிலிருந்து? அண்ணிக்குத் தெரியும்போல் இருக்கிறது, உனக்காக அவளும் மறைக்கிறாள். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பீர்கள்?

பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரியில் காதுக்குத் தனி டாக்டர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் போய்க் காட்டு. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

செல்வி


குருவிநத்தம்,
2.3.2025

தங்கை செல்விக்கு,

நாங்கள் சுகம். உன் அண்ணிக்கு முழங்கால் இப்போது தேவலை. பிரியதர்ஷினி பரீட்சைக்கு நன்றாகப் படிப்பதாக மாப்பிள்ளை சொன்னார். வெள்ள நிவாரணம் பாதிப் பேருக்கு வந்தது, பாதிப் பேருக்கு வரவில்லை. நவரைப் பருவ நெல் நடவு முடிந்தது.

காதைப் பற்றி எழுதியிருந்தாய். சளி. வெயில் ஏறினால் சரியாகிவிடும். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம்கூட இல்லை.

மார்ச் கடைசியில் வெளியாட்கள் வருகிறார்கள். பிள்ளைகள் தயார்.

சாமிநாதன்


ஏனாம்,
11.4.2025

அண்ணா,

எல்லோரும் நலம்தானே என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படி.

மார்ச் மார்க் வந்துவிட்டது. இருபத்தொரு பேரில் பதினொரு பேர்தான் தேறியிருக்கிறார்கள். பதினெட்டு பதினொன்றாக இறங்கிவிட்டது. பாகூர் கொம்யூன் பஞ்சாயத்திலேயே கீழே இறங்கிய ஒரே பள்ளி நம்முடையது. வெள்ளத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஆற்றங்கரைப் பள்ளிகள் நாலும் நனைந்தன, மற்ற மூன்றும் கூடியிருக்கின்றன.

மார்ச் மார்க்கில் தப்பில்லை, ஜூன் மார்க்தான் தப்பு. நீ பிள்ளைகளின் குரலைக் கேட்கவில்லை. விரலைப் பார்த்தாய், வாயைப் பார்த்தாய். விரல் ஓடுகிற அத்தனை பேருக்கும் அறுபத்தைந்து போட்டாய்.

உன்னை மட்டும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆகஸ்டிலேயே எனக்கு உறுத்தியது. தாளின் ஓரத்தில் "மறு தேர்வு வேண்டும்" என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு டிக் போட்டிருந்தால் யாராவது வந்து திரும்பக் கேட்டிருப்பார்கள். வேறு இரண்டு பள்ளிகளுக்குப் போட்டேன். நம் பள்ளிக்குப் போடக் கை வரவில்லை. அண்ணன் முகத்தில் கரி பூச வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 30க்குள் தலைமையாசிரியர் விளக்கம் எழுத வேண்டும். உண்மையை எழுது. எனக்குக் காது கேட்காது, ஜூன் மார்க் செல்லாது, வகுப்பாசிரியைமேல் தவறில்லை என்று மூன்று வரி போதும். எழுதாவிட்டால் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும்.

உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்.

செல்வி


குருவிநத்தம்,
9.5.2025

செல்விக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில் தாமதமானதற்குக் காரணம் தபால் இல்லை.

உன் கடிதம் ஏப்ரல் 19ஆம் தேதியே வந்துவிட்டது. அன்றே எழுத உட்கார்ந்தேன். முதல் தாளில் நீ சொன்ன மூன்று வரியையும் எழுதி, கையெழுத்தும் போட்டேன். பிறகு அதைப் படித்துப் பார்த்தேன். காது கேட்காத வாத்தியார் என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் மருத்துவக் குழு, விசாரணை, அதற்கப்புறம் ஊரில் வைக்கிற பட்டப்பெயர். மிச்சக் காலத்தை ஓட்டிவிட்டால் மாலையோடு வீட்டுக்கு வந்துவிடலாமே என்று ஓர் எண்ணம். கிழித்தேன். இரண்டாவதையும் கிழித்தேன். மூன்றாவது தாளில் வெள்ளம் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். என் அறையிலேயே முஸ்கானை உட்கார வைத்துக் கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உதடு தெரிந்தால்தானே எனக்குப் பேச்சு தெரியும். அவள் என்ன சொன்னாள் என்றே எனக்குத் தெரியாது. எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. நான் மேசைமேலிருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு குறிப்பில் பார்த்தேன். "வகுப்பாசிரியை விளக்கம் எதுவும் அளிக்கவில்லை" என்று இருந்தது.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வருகைப் பதிவேட்டை ஒப்படைத்தாள், அலமாரியைத் துடைத்தாள், வணக்கம் வைத்தாள். நல்லா இரும்மா என்றேன். அதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வந்தது.

நீ என்னைத் திட்டி எழுது.

சாமிநாதன்


ஏனாம்,
18.5.2025

அண்ணனுக்கு,

நான் இருக்கிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

திட்டச் சொல்கிறாய். அம்மா செத்தபோது எனக்குப் பதினோரு வயது. பாவாடை துவைத்துக் கொடுத்து, தலை பின்னி, பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நீ. உன்னைத் திட்ட எனக்குத் தெரியவில்லை. கோபம் மட்டும் நிறைய இருக்கிறது, உன்மேல் பாதி, என்மேல் பாதி.

என் அதிகாரியிடம் போய், அந்தப் பள்ளி என் அண்ணன் பள்ளி, ஆகஸ்டில் நான் டிக் போடாமல் விட்டேன் என்று சொல்லிவிட்டேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். எனக்கு மெமோ வரும், வரட்டும். மார்க் பட்டியலை மூடியாகிவிட்டதாம், இனித் திறக்க முடியாதாம்.

இப்போதாவது காதைக் காட்டு. இனியும் பிள்ளைகள் உன் முன்னால் வந்து நிற்கப் போகிறார்கள்.

செல்வி


குருவிநத்தம்,
22.6.2025

தங்கை செல்விக்கு,

நானும் காசம்மாளும் இருக்கிறோம். மெமோ வந்ததா? என்னால் உனக்கும் கெட்ட பெயர்.

9ஆம் தேதி திங்கட்கிழமை பிள்ளையார்குப்பம் போனேன். காது வைத்தியப் பிரிவுக்கு வெளியே ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தேன். அங்கே எண்ணை வாயால்தான் கூப்பிடுகிறார்கள். காது கேட்காதவர்கள் கூடுகிற இடத்தில் இப்படி ஓர் ஏற்பாடு. எத்தனை நேரம் போயிற்றோ தெரியாது. தோளில் ஒரு கை பட்டது. நிமிர்ந்தால் முஸ்கான். அங்கே கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறதாம்.

"இன்னா சார், எவ்ளோ நேரமா கூப்புடுறேன்" என்றாள்.

இந்தத் தடவை எனக்கு ஒளிய இடம் இல்லை. "காது கேக்கலம்மா. மூணு வருஷமா" என்றேன்.

அவள் அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.  பிறகு, எனக்குத் தெரிய வேண்டும் என்று வாயை நன்றாக அசைத்துப் பேசினாள். அதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஜூன் மாசம் உங்க நாற்காலிக்குப் பின்னால நின்னு சொன்னேன் சார். பசங்க படிக்கல, சும்மா வாய அசைக்கிறாங்கன்னு மூணு வாட்டி சொன்னேன். நீங்க திரும்பவே இல்ல. பள்ளிக்கூடத்துக்கு நல்ல பேர் வரணும்னு தெரிஞ்சேதான் போடுறீங்கன்னு நெனச்சிகினேன். அதனாலதான் விசாரணையில வாயத் தொறக்கல. உங்களப் போயி நான் எப்பிடி சார் காட்டிக் குடுக்கறது?"

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன். அந்தச் சங்கு ஒரு வருடமாக என் முதுகுக்குப் பின்னால் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. நான் பொய் சொல்கிறவன் என்று அவள் நம்பியிருக்கிறாள். அப்படி நம்பியும் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் அவளை நல்லவள் என்று தெரிந்தே கைவிட்டுவிட்டேன்.

ஜூனில் உண்மையில் எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டேன். நாலு பேர் என்றாள். பெயரையும் சொன்னாள். அடுத்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

இடது காதில் ஒன்றும் மிச்சமில்லை, வலதில் மெல்லிய குரல்கள் விழாது என்று டாக்டர் எழுதிக் காட்டினார். பிள்ளைகள் குரலும் பெண்கள் குரலும்தான் முதலில் போகுமாம். அந்தச் சீட்டையும் வைத்து, எல்லாவற்றையும் எழுதித் துறைக்கு அனுப்பிவிட்டேன். அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்று பதில் வந்துவிட்டது. என்னை மருத்துவக் குழுவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன்.

எனக்கு ஒன்று மட்டும் செய். உன்னிடம் எல்லாப் பள்ளிக் கணக்கும் இருக்கிறது. நாலிலிருந்து பதினொன்று என்று போட்டால் அந்த வகுப்பு எத்தனையாவதாக வரும்? பார்த்து எழுது.

அண்ணன்,
சாமிநாதன்


ஏனாம்,
1.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். மெமோ வந்தது, பதில் கொடுத்துவிட்டேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே. மருத்துவக் குழுவுக்குப் போகும்போது அண்ணியையும் கூட்டிக்கொண்டு போ.

நீ கேட்டதைப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். பட்டியலில் இப்போது முதலாவதாக இருக்கிற பள்ளி ஐந்து பேரைக் கூட்டியிருக்கிறது. அதற்குத் தனி ஆசிரியர் வந்தார், வெள்ளமும் வரவில்லை. முஸ்கான் கூட்டியது ஏழு பேர். கொம்யூனிலேயே அவள்தான் முதல்.

இதை அவளிடம் நீயே போய்ச் சொல், எழுதி அனுப்பாதே.

உன் தங்கை,
செல்வி